உங்களுக்குத் தெரியுமா? – கார் கதவைப் பூட்டாத ஊரும் பையில் வரும் பாலும்

★ கனடாவில் ‘சாரி’ சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அங்கே பஸ்ஸில் நீங்கள் ஒருவர் காலை மிதித்துவிட்டால், மிதிபட்டவரும் உங்களோடு சேர்ந்து ‘சாரி’ என்பார். இந்தப் பழக்கம் கோர்ட் வாசல் ஏறினால் என்ன ஆவது? பனி உறைந்த சாலையில் இரண்டு கார்கள் மோதிக்கொள்கின்றன. இறங்கி வந்தவர் வழக்கப்படி ‘சாரி’ என்கிறார். ‘பார்த்தீர்களா, தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார்’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்றால்? அதற்கு இடம் தராமல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2006-ல் ‘மன்னிப்புச் சட்டம்’ கொண்டு வந்தது. 2009-ல் ஒன்டாரியோவும் கொண்டு வந்தது. இன்று பெரும்பாலான மாகாணங்களில் இருக்கிறது. சிவில் வழக்கில், ஒருவர் மன்னிப்புக் கேட்டதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது; அதைக் காட்டி இன்ஷூரன்ஸையும் மறுக்கக் கூடாது. சிகிச்சையில் தவறு நேர்ந்தால் வழக்குக்குப் பயந்து டாக்டர் வாயை மூடிக்கொள்ளாமல், நோயாளியின் குடும்பத்தாரிடம் மனம்விட்டுப் பேச வழி செய்ததுதான் இந்தச் சட்டத்தின் பெரிய பலன் என்பேன். கேட்டதும் சிரிப்பு வரும். யோசித்தால் எல்லா நாட்டிலும் வேண்டிய சட்டம்.

★ ஒன்டாரியோ, கியூபெக், அட்லாண்டிக் கரையோர மாகாணங்கள் – இங்கெல்லாம் பால் பையில் வரும். நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் பக்கத்து நாட்டு அமெரிக்கர்களும், ஏன், மேற்குக் கனடாவில் வளர்ந்தவர்களும்கூட இதைப் பார்த்துத் திகைப்பார்கள். நான்கு லிட்டர் என்று வாங்கும் பெரிய பைக்குள், 1.33 லிட்டர் கொண்ட மூன்று சின்னப் பைகள் இருக்கும். சின்னப் பையை அப்படியே ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் இறக்கி, மேசையில் ஒரு தட்டுத் தட்டி உட்காரவைத்து, மூலையைக் கத்தரியால் நறுக்கி ஊற்றுவார்கள். காய்ச்சுவது கிடையாது. நறுக்குவதில்தான் சூட்சுமம். கொஞ்சமாக நறுக்கினால் நூல்போல வடியும். அதிகமாகிவிட்டால் டம்ளரோடு மேசையும் நனையும்.

1967-ல் டூபாண்ட் நிறுவனம் இந்தப் பைகளைக் கொண்டு வந்தது. 1970-களில் நாடு மெட்ரிக் அளவைக்கு மாறியபோது, பாட்டிலும் அட்டைப்பெட்டியும் செய்தவர்கள் புதிய அளவுக்காக இயந்திரங்களையே மாற்ற வேண்டியிருந்தது. பை செய்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. வெட்டும் நீளத்தை மாற்றினால் போதும். பை நிலைத்தது அப்படித்தான். காலியான வெளிப்பையையும் வீணாக்குவதில்லை. பல ஊர்களில் பெண்களும் முதியவர்களும் அவற்றைப் பட்டைபட்டையாக வெட்டிப் பாய் பின்னி, ஹைட்டி போன்ற நாடுகளில் வெறுந்தரையில் படுப்பவர்களுக்கு அனுப்பிவருகிறார்கள்.

★ கனடாக்காரரிடம் எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். ‘நான்கு மணி நேரம்’ என்பார். கிலோமீட்டர் சொல்லவே மாட்டார். ஒரே மாகாணத்துக்குள் இருபது மணி நேரம் கார் ஓட்டினாலும் எல்லை வராத நாட்டில், பொழுதுதான் உருப்படியான அளவுகோல்.

★ மற்ற அளவுகளோ இன்னும் கலவை. தன் உயரத்தை அடியிலும் எடையைப் பவுண்டிலும் சொல்வார்கள். வெளியே எவ்வளவு குளிர் என்பது செல்சியஸில். ஓவனில் கேக் வைப்பது ஃபாரன்ஹீட்டில். கார் ஓடுவது கிலோமீட்டரில், வீடு வாங்குவது சதுர அடியில். காய்கறிக் கடையில் பவுண்டு விலையைப் பெரிய எழுத்திலும் கிலோ விலையைச் சின்ன எழுத்திலும் போட்டிருப்பார்கள். பில் வரும்போது கிலோவில் வரும். 1975 ஏப்ரல் 1 அன்று வானிலை அறிக்கை செல்சியஸுக்கு மாறியது; 1977-ல் சாலைப் பலகைகள் கிலோமீட்டருக்கு மாறின. அதற்குப் பிறகு வேகம் குறைந்து, 1985-ல் மெட்ரிக் கமிஷனையே மூடிவிட்டார்கள். நாடு பாதி வழியில் நின்றுகொண்டது.

இந்தக் கலவை ஒருமுறை ஆகாயத்தில் ஆளைக் கொல்லப் பார்த்தது. 1983 ஜூலை 23. மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டன் போக வேண்டிய ஏர் கனடா விமானம், புத்தம்புதிய போயிங் 767. எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அதனால் தொட்டியில் குச்சி விட்டு அளந்து, கணக்குப் போட்டு நிரப்பினார்கள். லிட்டரைக் கிலோவாக மாற்ற வேண்டிய இடத்தில், பவுண்டுக்கான எண்ணால் பெருக்கிவிட்டார்கள். விளைவு, தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருள். 41,000 அடி உயரத்தில் இரண்டு இன்ஜின்களும் அடுத்தடுத்து நின்றுபோயின. விமானி பாப் பியர்சன் ஓய்வுநேரத்தில் இன்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டிப் பழகியவர். துணை விமானி மாரிஸ் கென்டால் மானிடோபாவின் கிம்லி விமானப்படைத் தளத்தில் முன்பு பணியாற்றியவர். இந்த இரண்டும் ஒரே அறையில் அமைந்ததை என்னவென்று சொல்வது! அவ்வளவு பெரிய விமானத்தைக் கிளைடராகவே மிதக்கவிட்டுக் கிம்லிக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே அந்தப் பழைய ஓடுபாதை கார்ப் பந்தயத்திடலாக மாறியிருந்தது அவர்களுக்குத் தெரியாது. அன்று பந்தயக் குடும்பங்கள் கூடாரமடித்துச் சமைத்துக்கொண்டிருந்தன. சத்தமே இல்லாமல் ஒரு போயிங் இறங்கியது. விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். தரையிலும் ஒருவருக்கும் அடியில்லை. அந்த விமானத்தைப் பழுது பார்த்து 2008 வரை ஓட்டினார்கள். ‘கிம்லி கிளைடர்’ என்றால் இன்றும் எந்தக் கனடாக்காரரும் நிமிர்ந்து உட்கார்ந்து கதை சொல்வார்.

★ வின்னிபெக், சாஸ்கட்டூன் பக்கம் குளிர்காலத்தில் போனால், கார்களின் முன்பக்கம் ஒரு மின்சார ப்ளக் தொங்குவதைப் பார்க்கலாம். மின்சாரக் கார் என்று நினைத்துவிடாதீர்கள், பெட்ரோல் கார்தான். மைனஸ் 30 டிகிரியில் இரவெல்லாம் நின்றால் இன்ஜின் ஆயில் கெட்டிப்பட்டு, காலையில் வண்டி கிளம்பாது. அதனால் இன்ஜினுக்குள் ஒரு சின்ன ஹீட்டர். படுக்கப் போகுமுன் காருக்கும் ப்ளக் மாட்டிவிட வேண்டும். ஆபீஸ் வாகன நிறுத்தங்களிலும் கம்பத்துக்குக் கம்பம் மின்சார இணைப்பு இருக்கும்.

★ மானிடோபாவின் வடகோடியில், ஹட்சன் விரிகுடாவின் கரையில் சர்ச்சில் என்றொரு சிற்றூர். ஜனத்தொகை ஆயிரத்தைத் தொடாது. இங்கே பலர் கார் கதவையும் வீட்டுக் கதவையும் பூட்டுவதில்லை. ஊர் அத்தனை யோக்கியமானது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், காரணம் பனிக்கரடி. தெருவில் திடீரென்று கரடி எதிர்ப்பட்டால், பக்கத்தில் நிற்கும் எந்தக் காருக்குள்ளும் பாய்ந்து ஏறிக்கொள்ளலாம். யார் கார் என்பதெல்லாம் அப்புறம்.

விரிகுடா நவம்பரில் உறைந்ததும் கரடிகள் அதன்மேல் ஏறி சீல் வேட்டைக்குப் போய்விடும். உறைவதற்கு முந்தைய வாரங்களில்தான் பசியோடு ஊரைச் சுற்றும். ஹாலோவீன் இரவு விழுவதும் சரியாக அந்தச் சமயத்தில். பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும்போது, துப்பாக்கியோடும் வாகனங்களோடும் காவல் சுற்றும். ‘வெள்ளையாகப் பேய் வேஷமோ பனிக்கரடி வேஷமோ வேண்டாம்’ என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

மறுபடி மறுபடி ஊருக்குள் வரும் கரடியைப் பிடித்து அடைக்க 28 அறைகள் கொண்ட கட்டடம் ஒன்று உண்டு. ஊராருக்கு அது ‘கரடி ஜெயில்’. உள்ளே தண்ணீர் மட்டும், சாப்பாடு கிடையாது. கொடுமை என்று தோன்றலாம். ஆனால் இங்கே வந்தால் சோறு கிடைக்கும் என்று ஒரு கரடி பழகிவிட்டால் அடுத்த ஆண்டும் வரும். கடைசியில் சுட வேண்டிவரும். அதற்காகத்தான் இந்தக் கண்டிப்பு. தண்டனைக் காலம் முடிந்ததும் வலையில் தூக்கி, ஹெலிகாப்டரில் வடக்கே கொண்டுபோய் விடுவார்கள். இப்படிக் கரடியையும் காப்பாற்றி ஊரையும் காப்பாற்றும் பொறுமை என்னை வியக்கவைக்கிறது.

★ ‘உங்கள் காரை மூஸ் நக்க விடாதீர்கள்’ – 2020-ல் ஜாஸ்பர் தேசியப் பூங்காச் சாலையில் மின்பலகையில் ஒளிர்ந்த அறிவிப்பு இது. மூஸ் என்பது குதிரையைவிட உயரமான காட்டு மான். சாலைப் பனியை உருக்கத் தூவும் உப்பு, காரின் மேல் படிந்து காய்ந்திருக்கும். உப்புக்கு ஏங்கும் மூஸுக்கு அது விருந்து. காரை நக்கிப் பழகிய மூஸ், காரைக் கண்டு பயப்படுவதை விட்டுவிடும்; பிறகு மோதல்தான். பயணிகளோ வண்டியை நிறுத்தி, படம் எடுத்துக்கொண்டே நக்க விட்டார்கள். அதனால்தான் பலகை.

★ மாண்ட்ரியலில் பனி கொட்டி ஓய்ந்த இரவில், தெருவில் ஒரு விசித்திர சைரன் இரண்டு ஸ்வரத்தில் ஊளையிடும். போர்வைக்குள் இருப்பவர் துள்ளி எழுந்து, இரவு உடையின் மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவார். பனி அள்ளும் படை வருகிறது, காரை எடு என்பது அதன் பொருள். எடுக்காவிட்டால் இழுவை வண்டி வந்து இழுத்துப் போகும். எங்கே? பக்கத்து ஏதோ ஒரு தெருவுக்கு. காலையில் எழுந்தவர், தன் கார் எந்தத் தெருவில் நிற்கிறது என்று நகராட்சியின் இணையப் பக்கத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே சாலையும் நடைபாதையுமாகப் பனி நீக்க வேண்டிய நீளம் சுமார் 10,000 கிலோமீட்டர். அள்ளிய பனியைக் கொட்ட ஒரு பழைய கல்குவாரி. அந்த அழுக்குப் பனிமலை கோடை வெயிலிலும் உருகி முடியாமல் கிடக்கும்.

★ மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் ஜூலை 1 வந்தால் ஊரே வீடு மாறும். மற்ற மாகாணங்கள் அன்று கனடா தினம் கொண்டாடி வாணவேடிக்கை பார்க்கும். மாண்ட்ரியல்காரர் ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குவார். படியும் எப்படிப்பட்ட படி! அந்த ஊரின் பழைய வீடுகளில் மாடிப்படி வெளியே, தெருவைப் பார்த்து வளைந்து நெளிந்து தொங்கும். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30-ல் முடிவதே காரணம். முன்பு இந்த நாள் மே 1 ஆக இருந்தது. பள்ளிக்கூடம் நடக்கும்போது பிள்ளைகளை வீடு மாற்றுவது சரியில்லை என்று 1970-களில் இரண்டு மாதம் தள்ளி வைத்தார்கள்.

ஒரே நாளில் எல்லாரும் மாறினால் வேன் எப்படிக் கிடைக்கும்? மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கிடைக்காதவர்கள் சைக்கிளுக்குப் பின்னால் வண்டி கட்டி மெத்தையை ஏற்றிப் போவதுண்டு. சாமான் தூக்க வந்த நண்பர்களுக்குக் கூலி, பீட்சாவும் பீரும். புது வீட்டில் நுழையாத சோபா, அலமாரி, மேசை எல்லாம் நடைபாதைக்கு வந்துவிடும். வேண்டியவர் எடுத்துப் போகலாம். புதிதாகக் குடியேறிய மாணவர்கள் பலருடைய முதல் மேசை நாற்காலி இந்த நடைபாதையிலிருந்து வந்ததுதான்.

★ கனடாவில் ஒரு சென்ட் நாணயம் இல்லை. ஒரு சென்ட் அடிக்க 1.6 சென்ட் செலவாகிறது என்று, 2012 மே மாதம் கடைசி நாணயத்தை அடித்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த பிப்ரவரியிலிருந்து, ரொக்கமாகக் கொடுத்தால் பில் தொகை பக்கத்து ஐந்து சென்டுக்கு ஏறும் அல்லது இறங்கும். கார்டில் கொடுத்தால் துல்லியம். 10.02 டாலர் வந்தால் ரொக்கம் நீட்டுவதும் 10.03 வந்தால் கார்டு நீட்டுவதும் என்று இரண்டு சென்ட் லாபம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

★ ஒரு டாலர் நாணயத்தில் ‘லூன்’ என்ற நீர்ப்பறவை இருப்பதற்குக் காரணம் ஒரு தொலைந்த பார்சல். முதலில் படகோட்டிகளின் படம்தான் முடிவாகியிருந்தது. 1986-ல் அந்த அச்சுகள் ஒட்டாவாவிலிருந்து வின்னிபெக் நாணயச்சாலைக்குப் போகும் வழியில் காணாமல் போயின. கள்ள நாணயம் வந்துவிடுமோ என்ற பயத்தில் படத்தையே மாற்றினார்கள். 1987-ல் பறவையோடு நாணயம் வந்தது. மக்கள் அதை ‘லூனி’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். 1996-ல் இரண்டு உலோகம் சேர்த்து இரண்டு டாலர் நாணயம் வந்தபோது அதற்குத் தானாகவே ‘டூனி’ என்று பெயர் விழுந்தது. வந்த புதிதில் சில டூனிகளின் நடுப்பகுதி கழன்று விழுந்தது; கழற்றிப் பார்ப்பதே ஊருக்கெல்லாம் விளையாட்டாகிவிட்டது.

2002-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்ஸ். ஐஸ் ஹாக்கித் திடலின் பனியைப் பராமரிக்க அழைக்கப்பட்ட கனடாக்காரர் டிரென்ட் எவன்ஸ், திடலின் நடு மையத்தில் பனிக்கு அடியில் ஒரு லூனியைப் புதைத்து வைத்தார். ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே தங்கம் வென்றன. ஆண்கள் அணிக்கு அது ஐம்பது ஆண்டு தவம். அந்த நாணயத்தைத் தோண்டி எடுத்து ஹாக்கி அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

★ பழைய ஐந்து டாலர் நோட்டில் முன்னாள் பிரதமர் வில்ஃப்ரிட் லோரியேயின் முகம். பேனாவால் காதைக் கூராக்கி, புருவத்தை உயர்த்தி, முடியைக் கருப்பாக்கினால் ‘ஸ்டார் ட்ரெக்’ டிவி தொடரின் ஸ்போக் ஆகிவிடுவார். அந்த வேடம் ஏற்ற லெனார்ட் நிமோய் 2015-ல் இறந்தபோது, நாடு முழுக்க ரசிகர்கள் நோட்டுகளில் இப்படி வரைந்து அஞ்சலி செலுத்தினார்கள். ‘சட்ட விரோதம் இல்லை, ஆனாலும் தயவுசெய்து வேண்டாம்’ என்று மத்திய வங்கி கேட்டுக்கொண்டது.

★ கனடியன் டயர் என்ற கடை 1958-ல் தன் பெட்ரோல் பங்குகளில் ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று சொந்தமாகக் கூப்பன் நோட்டு அடித்துக் கொடுக்க ஆரம்பித்தது. அசல் பணம்போலவே இருக்கும். கார் டாஷ்போர்டில், சமையலறை டிராயரில், அப்பாவின் பழைய கோட்டுப் பையில் இந்த நோட்டு இல்லாத வீடு இல்லை என்ற நிலை வந்தது. கோரின் ரேமண்ட் என்ற பாடகர், ரசிகர்களிடம் இந்த நோட்டுகளைக் கேட்டு வாங்கி, 7,000 டாலருக்கு மேல் சேர்த்து, டொராண்டோவில் அதை ஏற்றுக்கொண்ட ஸ்டூடியோவில் ஓர் ஆல்பமே பதிவு செய்து 2013-ல் வெளியிட்டார். மூலையில் மறந்து கிடந்த சில்லறையெல்லாம் பாட்டாக மாறியது எத்தனை அழகு!

★ டிம் ஹார்ட்டன்ஸ் என்ற காபிக் கடைக்குப் போய் ‘டபுள் டபுள்’ என்றால், இரண்டு கிரீம், இரண்டு சர்க்கரை. 2004-ல் அது கனடிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் ஏறிவிட்டது. கடைக்குப் பெயர் கொடுத்த டிம் ஹார்ட்டன் ஐஸ் ஹாக்கி வீரர். 1964-ல் ஹாமில்டன் நகரில் தொடங்கினார்.

★ ஹவாய் பீட்சா ஹவாயில் பிறக்கவில்லை. ஒன்டாரியோவின் சாத்தம் நகரில், கிரேக்கத்திலிருந்து குடியேறிய சாம் பானோபௌலோஸ் 1962-ல் டின்னில் இருந்த அன்னாசித் துண்டுகளைச் சும்மா போட்டுப் பார்த்தார். அந்த டின்னின் பெயர் ‘ஹவாயன்’. ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து, ஐஸ்லாந்து அதிபர் ‘என்னால் முடிந்தால் பீட்சாவில் அன்னாசியைத் தடை செய்வேன்’ என்று பள்ளிப் பிள்ளைகளிடம் விளையாட்டாகச் சொன்னபோது, அப்போதைய கனடாப் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ அன்னாசியின் பக்கம் நிற்பதாக அறிவித்தார்.

★ டொராண்டோவின் குப்பைத் தொட்டிகளை ஆள்பவை ரக்கூன்கள். முகத்தில் கறுப்புப் பட்டையும் மனிதக் கைபோன்ற விரல்களும் கொண்ட விலங்கு. 2016-ல் நகராட்சி 3 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, ரக்கூன் திறக்க முடியாதபடி திருகுபூட்டு வைத்த பச்சைத் தொட்டிகளை வீடு வீடாகக் கொடுத்தது. பெரும்பாலான ரக்கூன்கள் தோற்றன. ஒன்றிரண்டு கெட்டிக்காரிகள் தொட்டியைக் கீழே தள்ளி, பூட்டைத் திருகித் திறப்பது கேமராவில் பதிவாகி ஊரே பார்த்தது.

அதற்கு முந்தைய கோடையில், யங் தெரு நடைபாதையில் ஒரு ரக்கூன் செத்துக் கிடந்தது. நகராட்சி வண்டி வர நேரமாக ஆக, போகிறவர் வருகிறவர் பூ வைத்தார்கள். யாரோ மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். சட்டமிட்ட ரக்கூன் படம் ஒன்று வந்தது. இரங்கல் அட்டை வந்தது. ‘கான்ராட்’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது. இரவு நெடுநேரம் கழித்தே எடுத்துப் போனார்கள்.

★ 2021 ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் டம்ளர் ரிட்ஜ் என்ற ஊரில் சுமார் 900 வீடுகளுக்கு இணையம் போய்விட்டது. ஊழியர்கள் தோண்டிப் பார்த்தால், நீரெலிகள் – கனடாவின் தேசியச் சின்னமான பீவர்கள் – பூமிக்கடியில் கேபிளைக் கடித்து வைத்திருந்தன. கேபிள் இருக்கும் இடத்தை அடையாளம் காட்டப் புதைத்திருந்த நாடாவையும் இழுத்துப்போய்த் தங்கள் வீட்டைக் கட்டப் பயன்படுத்தியிருந்தன.

★ குடியிருப்புத் தெருவில் பிள்ளைகள் பந்தும் மட்டையுமாக ஹாக்கி ஆடுவார்கள். ஒருவன் ‘கார்!’ என்று கத்துவான். அடுத்த நொடி இரண்டு கோல் வலைகளும் ஓரத்துக்குப் போகும், கார் கடக்கும், வலைகள் திரும்ப வரும், ஆட்டம் விட்ட இடத்தில் தொடரும். டொராண்டோவில் இது பல காலம் சட்டப்படி தடை. 2016-ல் நகர மன்றம் தடையை நீக்கியது. பிள்ளைகள் அதுவரையும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

★ ஒட்டாவாவில் ரிடோ கால்வாய் உறைந்தால் 7.8 கிலோமீட்டருக்கு ஸ்கேட்டிங் பாதை. ஆபீஸ் பையை முதுகில் மாட்டி, காலில் ஸ்கேட்டோடு வேலைக்குச் சறுக்கிப் போகிறவர்களைக் காலையில் பார்க்கலாம். வழியில் ‘பீவர் வால்’ என்ற பொரித்த ரொட்டி – சர்க்கரையும் பட்டைப்பொடியும் தூவி, சூடாக. 2023 குளிர்காலத்தில் மட்டும் பனி போதிய அளவு இறுகாமல், வரலாற்றில் முதல்முறையாகப் பாதை திறக்கவே இல்லை. ஒட்டாவாக்காரர்களுக்கு அது துக்க ஆண்டு. தட்பவெப்பம் மாறுகிறது என்று எத்தனை அறிக்கை சொன்னாலும் உறைக்காதது, ஆபீசுக்கு பஸ்ஸில் போக நேர்ந்தபோது உறைத்திருக்கும்.

★ நியூஃபவுண்ட்லாந்து தீவின் கடிகாரம் கனடாவின் மற்ற இடங்களோடு ஒட்டாமல் அரை மணி நேரம் தள்ளி ஓடும். தேசிய டிவியில் ‘எட்டு மணிக்கு, நியூஃபவுண்ட்லாந்தில் எட்டரைக்கு’ என்று சொல்லாத நாளில்லை. நம் கடிகாரத்தோடு அங்கே நிமிட முள் ஒத்துப்போகும். குளிர்காலத்தில் சென்னையில் காலை ஏழேகால் என்றால், அங்கே முந்தைய இரவு பத்தேகால்.

வேடிக்கைச் செய்திகளுக்கு நடுவே அந்தத் தீவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 1986 ஆகஸ்ட் 11. கடலில் மூடுபனி. இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர்கள், நாட்கணக்கில் திசை தெரியாமல் மிதந்துகொண்டிருந்தார்கள். மீன்பிடிக்கப் போயிருந்த கஸ் டால்டன் என்ற படகுத் தலைவர் கண்டுபிடித்துத் தன் படகில் ஏற்றினார். மற்ற மீனவர்களும் வந்து சேர்ந்தார்கள். யார், எங்கிருந்து என்று விசாரித்துவிட்டு ஏற்றவில்லை, ஏற்றிவிட்டுத்தான் விசாரித்தார்கள். கனடாத் தமிழர்கள் அந்தப் பெயரை இன்றும் மறக்கவில்லை.

★ கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கனடாவில் முறையான அஞ்சல் குறியீடு உண்டு: H0H 0H0. பூஜ்யத்தை ‘ஓ’ என்று வாய்விட்டுப் படித்தால் அவர் சிரிப்பு கேட்கும். 1974-ல் மாண்ட்ரியல் தபால் ஊழியர்கள் சிலர், முகவரி இல்லாமல் வந்து குவிந்த பிள்ளைகளின் கடிதங்களைக் குப்பையில் போட மனம் வராமல், தாங்களே பதில் எழுத ஆரம்பித்தார்கள். இன்று ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான கடிதங்கள். ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் தன்னார்வமாக உட்கார்ந்து, பல மொழிகளில், பிரெய்லில்கூடப் பதில் எழுதுகிறார்கள். ஸ்டாம்பு ஒட்டாவிட்டாலும் பரவாயில்லை.

★ கியூபெக்கின் ஸ்டான்ஸ்டெட் ஊரில் ஒரு நூலகம். அதற்குள்ளே தரையில் ஒரு கறுப்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் கனடா, அந்தப் பக்கம் அமெரிக்கா. 1904-ல் இரு ஊர் மக்களுக்கும் பொதுவாக வேண்டும் என்றே எல்லையின் மேல் கட்டிய ஹாஸ்கல் நூலகம் அது. முன்வாசல் அமெரிக்காவில், புத்தகங்கள் பெரும்பாலும் கனடாவில். மாடியில் நாடக அரங்கு: நடிகர்கள் கனடாவில் நின்று நடிக்க, பெரும்பாலான ரசிகர்கள் அமெரிக்காவில் உட்கார்ந்து பார்ப்பார்கள். 2025-ல் அமெரிக்கா அந்த முன்வாசல் வழியைக் கனடாக்காரர்களுக்குக் கட்டுப்படுத்தியபோது, தங்கள் பக்கம் தனி வாசல் அமைக்க மக்கள் பணம் திரட்டினார்கள். நூற்றாண்டுக்கு மேலாகக் கடவுச்சீட்டு கேட்காமல் புத்தகம் கொடுத்த வாசல் அது என்று நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

★ சாஸ்கட்செவானின் மூஸ் ஜா நகரில் 1984-ல் ‘மேக்’ என்ற மூஸ் சிலையை நிறுவினார்கள். உலகத்திலேயே உயரமான மூஸ் என்று ஊருக்கே பெருமை. 2015-ல் நார்வேயின் ஸ்டோர்-எல்வ்டால் நகராட்சி நெடுஞ்சாலை ஓரம் ஓர் எஃகு மூஸை நிறுத்தியது – மேக்கைவிட 30 சென்டிமீட்டர் உயரம். 2019 ஜனவரியில் இதைப் பற்றி ஒரு வேடிக்கை வீடியோ வர, மூஸ் ஜா கொதித்தெழுந்தது. மேயர் அறிக்கை விட்டார். நார்வே துணை மேயர் பதில் வீடியோ விட்டார். சாஸ்கட்செவானில் மேக்குக்குக் காலுறை மாட்டலாம், தலையில் தொப்பி வைக்கலாம், ஸ்கேட் போட்டுவிடலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மூஸ்ஹெட் என்ற மதுபான ஆலை 25,000 டாலர் நன்கொடை கொடுத்தது. கடைசியில் இரு ஊராரும் சந்தித்து உடன்படிக்கையே செய்துகொண்டார்கள்: உயரம் கனடாவுக்கு, பளபளப்பும் அழகும் நார்வேக்கு. அந்த அக்டோபரில் மேக்குக்குப் பழைய கொம்பைக் கழற்றிவிட்டுப் பெரிய கொம்பு மாட்டினார்கள்.